சார்ட் போடும் முன் ரேஞ்சைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது எப்படி? எக்செல், கால்க், கூகுள் ஷீட்ஸ் முழு வழிகாட்டி

ஆண்டுவாரியாக ஒரு பட்டியல், அதன் பக்கத்தில் மூன்று எண் நெடுவரிசைகள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எக்செலில் லைன் சார்ட் போடுகிறீர்கள். மூன்று கோடுகள் வர வேண்டிய இடத்தில் நான்கு வருகின்றன. கூடுதலாக வந்த கோடு உச்சியில், 2000க்குப் பக்கத்தில், ஏறக்குறைய படுத்தபடி ஓடுகிறது. மற்ற மூன்றும் கீழே நசுங்கிக் கிடக்கின்றன. அடியில் ஆண்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் 1, 2, 3 என்று ஏழு வரை எண்கள்.

இந்த இடத்தில் பெரும்பாலானோர் சார்ட் வகையை மாற்றிப் பார்க்கிறார்கள். பட்டை, கோடு, ஏரியா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தும் சரியாகாது. கோளாறு சார்ட் வகையில் இல்லை, தேர்ந்தெடுத்த ரேஞ்சில், அதாவது செல்களின் தொகுப்பில், இருக்கிறது. எந்தச் செல்கள் பெயர், எந்தச் செல்கள் எண் என்பதை மென்பொருள் தானாக ஊகிக்கிறது. அந்த ஊகம் இங்கே தவறிவிட்டது. ஊகத்துக்கு இடம் கொடுக்காமல் தேர்ந்தெடுக்கத் தெரிந்துவிட்டால் சார்ட் வேலையில் பாதித் தலைவலி போய்விடும். அதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். எக்செலை முதன்மையாக வைத்துச் சொல்கிறேன். லிப்ரேஆபீஸ் கால்க்கும் கூகுள் ஷீட்ஸும் வேறுபடும் இடங்களைத் தனியாகச் சொல்கிறேன்.

பயிற்சிக்கு ஒரு அட்டவணை

கற்பனை எண்களுக்குப் பதில், மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் உண்மையான எண்களையே எடுத்துக்கொள்வோம். மூன்று மாநிலங்கள், 1951 முதல் 2011 வரை, மக்கள்தொகை லட்சத்தில்:

| | தமிழ்நாடு | கேரளம் | கர்நாடகம் |
|---|---|---|---|
| 1951 | 301.2 | 135.5 | 194.0 |
| 1961 | 336.9 | 169.0 | 235.9 |
| 1971 | 412.0 | 213.5 | 293.0 |
| 1981 | 484.1 | 254.5 | 371.4 |
| 1991 | 558.6 | 291.0 | 449.8 |
| 2001 | 624.1 | 318.4 | 528.5 |
| 2011 | 721.5 | 334.1 | 611.0 |

(1951இல் இந்த மாநிலங்கள் இதே எல்லையோடு இல்லை. 1956 மாநிலச் சீரமைப்புக்குப் பிந்தைய எல்லைகளுக்கு ஏற்பத் திருத்திய எண்கள் இவை.)

புதிய ஷீட்டில் இதை ஏ1 செல்லிலிருந்து தட்டுங்கள். ஏ நெடுவரிசையில் ஆண்டு, பி தமிழ்நாடு, சி கேரளம், டி கர்நாடகம். முதல் வரிசை தலைப்பு, எண்கள் 2 முதல் 8 வரை. ஆக முழு அட்டவணை ஏ1:டி8. செல் முகவரிகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். ஷீட்டில் ஆங்கில எழுத்தைத்தான் தட்ட வேண்டும். ஏ1 செல்லை இப்போதைக்குக் காலியாக விடுங்கள். காரணம் சீக்கிரம் வருகிறது.

தட்டும்போதே சில விஷயங்களைக் கவனித்தால் பின்னால் வேலை மிச்சம். அட்டவணைக்கு மேலே பெரிய தலைப்பு வேண்டுமென்றால் அதற்கும் அட்டவணைக்கும் நடுவே ஒரு வரிசையைக் காலியாக விடுங்கள். மொத்தம் போடுவதாக இருந்தால் அதற்கு முன்னும் ஒரு நெடுவரிசை இடைவெளி விடுங்கள். காலி வரிசையும் காலி நெடுவரிசையும்தான் மென்பொருளுக்கு எல்லைக்கோடு. ஒட்டியிருக்கும் எல்லாவற்றையும் அது ஒரே அட்டவணையாகவே எடுத்துக்கொள்ளும். மொத்தம் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டால், 2011க்கு 1,666 லட்சத்தைத் தொடும் ஒரு கோடு மேலே எழும்பி, நீங்கள் ஒப்பிட நினைத்த மூன்று கோடுகளையும் கீழே அமுக்கிவிடும். தலைப்புச் செல்களை மெர்ஜ் செய்வதையும் தவிருங்கள்.

தேர்ந்தெடுக்கும் வழிகள்

மவுஸால் இழுப்பது எல்லோருக்கும் தெரியும். எட்டு வரிசைக்கு அது போதும். எண்ணூறு வரிசைக்குப் போதாது. அப்போது இவை கைகொடுக்கும்:

- முதல் செல்லைக் கிளிக் செய்து, கடைசிச் செல்லுக்கு ஸ்க்ரோல் செய்து, ஷிஃப்ட்டை அழுத்தியபடி அதைக் கிளிக் செய்யுங்கள். நடுவில் இருப்பதெல்லாம் தேர்வாகிவிடும்.
- அட்டவணைக்குள் ஏதாவது ஒரு செல்லில் நின்றுகொண்டு கண்ட்ரோல்+ஏ அழுத்தினால் எக்செலில் அந்த அட்டவணை முழுவதும் தேர்வாகும். ஒட்டிக்கொண்டிருக்கும் மொத்தமும் குறிப்புகளும் சேர்ந்தே வரும் என்பதால் எல்லையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.
- கண்ட்ரோல்+ஷிஃப்ட்+கீழ் அம்புக்குறி, இருக்கும் இடத்திலிருந்து அடுத்த காலிச் செல் வரை தேர்ந்தெடுக்கும். நடுவில் ஒரு செல் காலியாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும். பாதி அட்டவணையோடு சார்ட் வருவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.
- சூத்திரப் பட்டைக்கு இடது பக்கம் இருக்கும் நேம் பாக்ஸில் ரேஞ்சையே தட்டி என்டர் அழுத்தலாம். பெரிய ஷீட்டுகளுக்கு எனக்குப் பிடித்த வழி இதுதான். கை நழுவி ஒரு வரிசை கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா என்ற சந்தேகமே வராது.

தேர்ந்தெடுத்த பிறகு இன்செர்ட் மெனுவில் போய்ச் சார்ட் வகையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆல்ட்+எஃப்1 அழுத்தினால் வழக்கமான பட்டை சார்ட் அதே ஷீட்டில் உடனே வரும். எஃப்11 அழுத்தினால் தனி ஷீட்டில் வரும். தேர்வு சரியா என்று சோதிக்க ஆல்ட்+எஃப்1 நல்ல குறுக்குவழி. தவறாக வந்தால் டெலீட் செய்துவிட்டு மறுபடி தேர்ந்தெடுங்கள், நொடி வேலை.

எந்தச் செல்லையும் தேர்ந்தெடுக்காமல் அட்டவணைக்குள் சும்மா நின்றுகொண்டு சார்ட் போட்டாலும் எக்செலும் கால்க்கும் ஒட்டியுள்ள முழு அட்டவணையையும் எடுத்துக்கொள்ளும். அட்டவணை சுத்தமாக இருந்தால் இதுவே போதும்.

மூலைச் செல்லின் வேலை

இப்போது ஏ1க்கு வருவோம். ஒரு சார்ட்டுக்கு மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்: ஒவ்வொரு கோட்டுக்கும் என்ன பெயர் (பி1, சி1, டி1), கிடைமட்ட அச்சில் என்ன லேபிள் (ஏ2:ஏ8), வரைய வேண்டிய எண்கள் எவை (பி2:டி8). இதில் பெயர்கள் எழுத்துகளாக இருப்பதால் குழப்பம் இல்லை. லேபிள்களில்தான் சிக்கல். 1951, 1961 என்பவை நமக்கு ஆண்டு, எக்செலுக்கு எண். ஏ1இல் "ஆண்டு" என்று எழுதியிருந்தால் அதை இன்னொரு சீரீஸின் (ஒரே கோடாக வரையப்படும் எண் தொகுப்பின்) பெயர் என்று எடுத்துக்கொண்டு ஆண்டுகளையும் கோடாக வரைந்துவிடும். முதலில் சொன்ன நான்காவது கோடு இப்படி வந்ததுதான்.

ஏ1 காலியாக இருந்தால், முதல் வரிசையும் முதல் நெடுவரிசையும் லேபிள்கள் என்று எக்செல் புரிந்துகொள்கிறது. அதனால் எண்களே லேபிள்களாக வரும்போதெல்லாம், ஆண்டோ, வகுப்போ, வார்டு எண்ணோ, மூலைச் செல்லைக் காலியாக விட்டுச் சார்ட் போடுங்கள். போட்ட பிறகு அதில் "ஆண்டு" என்று எழுதிக்கொண்டால் சார்ட் மாறாது.

ஆண்டுகளுக்கு முன் ஒற்றை மேற்கோள் குறி போட்டு எழுத்தாக மாற்றிவிடு என்று சிலர் சொல்வார்கள். லைன் சார்ட்டுக்கு அதுவும் வேலை செய்யும். ஆனால் எண்ணாக இருக்க வேண்டியதை எழுத்தாக மாற்றினால் நாளைக்கு அதை வைத்துக் கணக்குப் போட முடியாமல் திண்டாடுவோம். இரண்டு அச்சிலும் எண்களை வைத்துப் புள்ளியிடும் ஸ்கேட்டர் சார்ட்டும் கெட்டுப்போகும். காலி மூலைதான் சுத்தமான வழி.

கால்க்கில் இந்தத் தந்திரமே தேவையில்லை. சார்ட் விசார்டின் இரண்டாம் படியில் "ஃபர்ஸ்ட் ரோ ஆஸ் லேபிள்", "ஃபர்ஸ்ட் காலம் ஆஸ் லேபிள்" என்று இரண்டு டிக் பெட்டிகள் இருக்கின்றன. இரண்டிலும் டிக் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கூகுள் ஷீட்ஸில் சார்ட் எடிட்டரின் செட்அப் பகுதியில் முதல் வரிசையைத் தலைப்பாகவும் ஏ நெடுவரிசையை லேபிளாகவும் எடுத்துக்கொள்ளச் சொல்லும் பெட்டிகள் இருக்கும். இந்த விஷயத்தில் கால்க்கின் முறையே எனக்கு நேர்மையானதாகப் படுகிறது. ஊகித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளாமல், ஊகித்ததைக் கண்முன் வைத்துச் சரியா என்று கேட்கிறது.

வரிசையா, நெடுவரிசையா

அடுத்த ஊகம், எது சீரீஸ் என்பது. நம் அட்டவணையில் எண் வரிசைகள் ஏழு, நெடுவரிசைகள் மூன்று. வரிசைகள் அதிகமாக இருப்பதால் எக்செல் ஒவ்வொரு நெடுவரிசையையும் ஒரு சீரீஸாக்குகிறது. மூன்று மாநிலம், மூன்று கோடு, ஒவ்வொன்றிலும் ஏழு புள்ளி. நமக்கு வேண்டியதும் அதுதான்.

இப்போது 1951, 2011 ஆகிய இரண்டு ஆண்டுகளை மட்டும் எடுத்துப் பட்டை சார்ட் போடுங்கள். வரிசைகள் இரண்டு, நெடுவரிசைகள் மூன்று. இம்முறை எக்செல் திருப்பிவிடும்: ஆண்டுகள் சீரீஸாகும், மாநிலங்கள் அச்சுக்குப் போகும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் மேலே இரண்டிரண்டு பட்டைகள். 60 ஆண்டுகளில் எந்த மாநிலம் எவ்வளவு வளர்ந்தது என்ற கேள்விக்கு இந்த அமைப்பே பொருத்தம். அதே ஆண்டில் யார் பெரியவர் என்ற கேள்வியாக இருந்தால் திருப்ப வேண்டும். சார்ட்டைக் கிளிக் செய்து, சார்ட் டிசைன் பகுதியில் "ஸ்விட்ச் ரோ/காலம்" பொத்தானை அழுத்துங்கள். கால்க்கில் இதே வேலையை "டேட்டா சீரீஸ் இன் ரோஸ்", "டேட்டா சீரீஸ் இன் காலம்ஸ்" என்ற இரண்டு தேர்வுகள் செய்கின்றன. ஷீட்ஸில் "ஸ்விட்ச் ரோஸ்/காலம்ஸ்" என்ற டிக் பெட்டி.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் சீரீஸ் என்பது நீங்கள் கேட்கும் கேள்வியைப் பொறுத்தது. ஒரே நிறத்தில், ஒரே கோட்டில் தொடர்ந்து பார்க்க வேண்டியது எதுவோ அதுவே சீரீஸ். ஒரு சார்ட்டில் 255 சீரீஸுக்கு மேல் வைக்க முடியாது என்று எக்செல் மறுத்தால், பெரும்பாலும் சீரீஸும் லேபிளும் இடம் மாறிவிட்டன என்று பொருள்.

நடுவில் விட்டுவிட்டுத் தேர்ந்தெடுத்தல்

கேரளத்தை மட்டும் வரைய வேண்டும். ஆண்டு ஏ நெடுவரிசையில் இருக்கிறது, கேரளம் சியில், நடுவில் பி.

1. ஏ1:ஏ8 வரை இழுத்துத் தேர்ந்தெடுங்கள்.
2. கண்ட்ரோலை அழுத்திப் பிடித்தபடி சி1:சி8 வரை இழுங்கள். மேக்கில் கமாண்ட் விசை.
3. கண்ட்ரோலை விட்டுவிட்டு இன்செர்ட் மெனுவுக்குப் போங்கள்.

இங்கே தவறுவது இரண்டு இடங்களில். ஒன்று, சி நெடுவரிசையைத் தலைப்போடு தேர்ந்தெடுத்துவிட்டு, ஏவை "அதில்தான் ஒன்றும் இல்லையே" என்று ஏ2இலிருந்து தொடங்குவது. ஏ1 காலியாக இருந்தாலும் அதையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்; துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு முழுச் செவ்வகம் கிடைக்க வேண்டும். இரண்டு, நீளம் பொருந்தாமல் போவது. ஏ1:ஏ8, சி1:சி7 என்று எடுத்தால் 2011க்குப் புள்ளி இருக்காது.

இரண்டு ஆண்டு சார்ட்டுக்கும் இதே முறை: முதலில் ஏ1:டி2, அப்புறம் கண்ட்ரோலோடு ஏ8:டி8. தலைப்பு வரிசையும் 1951ம் அடுத்தடுத்து இருப்பதால் ஒரே இழுப்பில் வந்துவிடுகின்றன.

பை சார்ட்டுக்கு ஒரே ஒரு சீரீஸ்தான். முழு அட்டவணையையும் தேர்ந்தெடுத்துப் பை போட்டால் எக்செல் எந்த எச்சரிக்கையும் தராமல் முதல் சீரீஸை மட்டும் வரைந்துவிட்டு மற்றதைக் காட்டாமல் விட்டுவிடும். எண்கள் காணாமல் போனது தெரியாமலே அறிக்கைக்குள் போய்விடக்கூடும். ஆகவே தலைப்பு வரிசை, அதோடு வேண்டிய ஆண்டின் வரிசை, இரண்டை மட்டும் கண்ட்ரோலோடு எடுங்கள். இந்த மூன்று மாநிலங்களுக்குப் பை போடவே கூடாது என்பது என் கருத்து. இவை எந்த முழுமையின் பாகங்களும் இல்லை. முழு வட்டம் எதைக் குறிக்கிறது என்று ஒரு வரியில் சொல்ல முடிந்தால் மட்டும் பை போடுங்கள்.

செலக்ட் டேட்டா: உள்ளே போய்த் திருத்துவது

சார்ட்டை ஏற்கெனவே போட்டாயிற்று, அழகுபடுத்தியும் ஆயிற்று. இப்போது தவறு தெரிகிறது. அழித்துவிட்டு மறுபடி போட வேண்டியதில்லை. சார்ட்டின் மீது வலது கிளிக் செய்து "செலக்ட் டேட்டா" போங்கள். மேலே முழு ரேஞ்ச், இடது பக்கம் சீரீஸ் பட்டியல், வலது பக்கம் கிடைமட்ட அச்சின் லேபிள்கள்.

நான்காவது கோடு பிரச்சினையை இங்கே சரிசெய்வது இப்படி:

1. இடது பட்டியலில் "ஆண்டு" என்ற சீரீஸைத் தேர்ந்தெடுத்து "ரிமூவ்" அழுத்துங்கள். கோடு போய்விடும், அச்சில் 1, 2, 3 மட்டும் அப்படியே நிற்கும்.
2. வலது பக்கம் "எடிட்" அழுத்துங்கள். ஷீட்டில் ஏ2:ஏ8 வரை இழுங்கள். தலைப்பைச் சேர்க்காதீர்கள், சேர்த்தால் லேபிள்கள் ஒரு இடம் தள்ளிப்போய், 1951இன் எண் "ஆண்டு" என்ற லேபிளுக்கு மேல் நிற்கும்.
3. ஓகே கொடுத்து வெளியே வாருங்கள்.

புதிதாக ஒரு சீரீஸ் சேர்க்க "ஆட்" அழுத்தும்போது, எண்களுக்கான பெட்டியில் முன்கூட்டியே அடைப்புக்குறிக்குள் 1 என்று ஏதோ எழுதியிருக்கும். அதை முழுக்க அழித்துவிட்டுத்தான் உங்கள் ரேஞ்சைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அழிக்காமல் அதன் பின்னாலேயே ரேஞ்சைச் சேர்த்தால் பிழைச் செய்திதான் வரும்.

இன்னொரு தொல்லை: இந்தப் பெட்டிகளுக்குள் ஒரு எழுத்தைத் திருத்த அம்புக்குறி விசையை அழுத்தினால், கர்சர் நகர்வதற்குப் பதில் புதிதாக ஒரு செல் முகவரி வந்து விழும். எஃப்2ஐ ஒருமுறை அழுத்திவிட்டுத் திருத்துங்கள். அதன் பிறகு அம்புக்குறி நீங்கள் எதிர்பார்த்தபடி நகரும்.

சார்ட்டில் ஒரு கோட்டைக் கிளிக் செய்து சூத்திரப் பட்டையைப் பாருங்கள். தமிழ்நாட்டின் கோட்டுக்கு இப்படி ஒரு சூத்திரம் இருக்கும்:

=சீரீஸ்(ஷீட்1!$பி$1, ஷீட்1!$ஏ$2:$ஏ$8, ஷீட்1!$பி$2:$பி$8, 1)

முதலில் பெயர், அடுத்து லேபிள்கள், அடுத்து எண்கள், கடைசியில் வரிசை எண். ஒரு கோட்டைப் பற்றி எக்செலுக்குத் தெரிந்ததெல்லாம் இந்த நான்கும்தான். சார்ட் உங்கள் எண்களைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை, முகவரிகளையே வைத்திருக்கிறது. இதைப் படிக்கப் பழகிவிட்டால், ஒரு கோடு ஏன் இப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைக்கும். இரண்டாவது ரேஞ்ச் 2இல் தொடங்கி மூன்றாவது 3இல் தொடங்கினால் லேபிள் ஒரு வரிசை நழுவியிருக்கிறது. சூத்திரத்திலேயே எண்ணை மாற்றி என்டர் அழுத்தினால் சார்ட்டும் மாறும்.

சூத்திரம் வேண்டாம், கண்ணால் பார்த்தே செய்ய வேண்டும் என்றால், சார்ட்டைக் கிளிக் செய்ததும் ஷீட்டில் அதன் ரேஞ்சைச் சுற்றி வண்ணக் கோடுகள் தெரியும். எண்களுக்கு நீலம், லேபிள்களுக்கு ஊதா, பெயர்களுக்குச் சிவப்பு. நீலக் கோட்டின் மூலையைப் பிடித்து இழுத்தால் ரேஞ்ச் விரியும், சுருங்கும். ஒட்டியிருக்கும் ரேஞ்சுகளுக்கு இதைவிட வேகமான வழி கிடையாது.

கால்க்கில் சார்ட்டை இருமுறை கிளிக் செய்து எடிட் நிலைக்குப் போய், வலது கிளிக்கில் "டேட்டா ரேஞ்சஸ்" தேர்ந்தெடுங்கள். ஒரு தாவலில் முழு ரேஞ்ச், இன்னொன்றில் ஒவ்வொரு சீரீஸின் பெயரும் எண்களும், கீழே லேபிள்களுக்கான பெட்டி. கால்க்கில் ஷீட் பெயருக்கும் செல்லுக்கும் நடுவே ஆச்சரியக்குறிக்குப் பதில் புள்ளி வரும். பிரிந்த ரேஞ்சுகளை அரைப்புள்ளியால் பிரிக்க வேண்டும். ஷீட்ஸில் சார்ட் எடிட்டரின் டேட்டா ரேஞ்ச் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு கட்டத்தை அழுத்தி, "ஆட் அனதர் ரேஞ்ச்" மூலம் துண்டுகளைச் சேர்க்கலாம்.

எண் மாதிரி இருக்கும் எழுத்து

பிடிஎஃப்பிலிருந்தோ இணையப் பக்கத்திலிருந்தோ அட்டவணையை ஒட்டும்போது, எண்ணோடு கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். அந்தச் செல் எழுத்தாகிவிடும். எக்செல் சார்ட்டில் எழுத்தின் மதிப்பு பூஜ்யம்: கோடு திடீரென்று தரையைத் தொட்டுவிட்டு மேலே வரும். செல்லில் எண் இடது பக்கம் ஒட்டி நின்றால் சந்தேகப்படுங்கள். உறுதிசெய்ய, பி2:பி8 தேர்ந்தெடுத்துக் கீழே ஸ்டேட்டஸ் பாரைப் பாருங்கள். "நியூமெரிக்கல் கவுண்ட்" என்பதை அங்கே வலது கிளிக் செய்து இயக்கிக்கொண்டால், எண்களாக உள்ள செல்கள் எத்தனை என்று காட்டும். 7 வர வேண்டிய இடத்தில் 6 வந்தால் ஒரு செல் எழுத்து.

சூத்திரம் "ஒன்றுமில்லை" என்று காட்டுவதற்காகத் திருப்பித் தரும் வெற்று இரட்டை மேற்கோளும் இதே கணக்குத்தான். செல் காலியாகத் தெரியும், சார்ட்டோ பூஜ்யமாக வரையும். லைன் சார்ட்டுக்கு வேண்டிய சூத்திரங்களில் அதற்குப் பதில் என்ஏ சார்பைப் பயன்படுத்துங்கள்; அந்த இடத்தில் பூஜ்யம் வராது.

காலிச் செல், மறைந்த வரிசை

நம் அட்டவணையில் அடுத்து வர வேண்டியது 2021. அந்தக் கணக்கெடுப்பு கோவிட் காலத்தில் தள்ளிப்போய், நடக்கவே இல்லை. ஏ9இல் 2021 என்று எழுதி பி9:டி9ஐக் காலியாக விட்டு, சார்ட்டின் ரேஞ்சையும் 9ஆம் வரிசை வரை நீட்டுங்கள். இனி எக்செல் என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். செலக்ட் டேட்டா பெட்டியின் கீழ் மூலையில் "ஹிடன் அண்ட் எம்ப்டி செல்ஸ்" பொத்தான் இருக்கிறது. உள்ளே மூன்று தேர்வுகள்: இடைவெளி விடு, பூஜ்யமாக எடுத்துக்கொள், இருபுறமும் உள்ள புள்ளிகளைக் கோட்டால் இணை. 2021இல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை பூஜ்யம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும், ஆகவே இரண்டாவதை விட்டுவிடலாம். எண்ணே எடுக்கப்படவில்லை என்பதைக் காட்ட இடைவெளி. ஓட்டத்தைக் காட்ட இணைப்புக் கோடு; 2021க்குப் பின் இன்னொரு புள்ளி வந்த பிறகே அது தெரியும். இணைத்தால் சார்ட்டுக்குக் கீழே "2021இல் கணக்கெடுப்பு இல்லை" என்று ஒரு வரி எழுதிவிடுவது நியாயம். கால்க்கிலும் இதே மூன்று தேர்வுகள் "ப்ளாட் மிஸ்ஸிங் வேல்யூஸ்" என்ற பெயரில் உண்டு.

அதே பெட்டியில் மறைத்த வரிசைகளைக் காட்டுவதற்கான டிக்கும் இருக்கிறது. வழக்கமாக அது அணைந்திருக்கும். அதாவது, ஒரு வரிசையை ஹைட் செய்தாலோ ஃபில்டர் போட்டாலோ அது சார்ட்டிலிருந்தும் போய்விடும். அடுத்தவர் ஃபில்டர் போட்டுவிட்டுப் போன ஷீட்டைத் திறந்து "என் சார்ட்டில் பாதியைக் காணோமே" என்று தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

2027 வரும்போது

அடுத்த கணக்கெடுப்புக்கான குறிப்பு நாள் 2027 மார்ச் 1 என்று மத்திய அரசு 2025இல் அறிவித்திருக்கிறது. அந்த எண்கள் வந்ததும் அட்டவணையில் சேர்ப்போம். அங்கே லைன் சார்ட் நம்மை ஏமாற்றிவிடும்.

லைன் சார்ட்டுக்கு ஆண்டு என்பது வெறும் பெயர்ப்பலகை. 2001க்கும் 2011க்கும் நடுவே எவ்வளவு இடமோ, 2011க்கும் 2027க்கும் நடுவே அதே இடத்தைத்தான் விடும். 16 ஆண்டுகளின் வளர்ச்சி 10 ஆண்டுகளில் நடந்ததுபோல் கோடு செங்குத்தாக ஏறும். பார்ப்பவர், மக்கள்தொகை திடீரென்று வேகமெடுத்துவிட்டது என்று நினைப்பார். 2021க்குக் காலி வரிசை வைத்தால் தவறு வேறு பக்கம் திரும்பும்: 10 ஆண்டும் 6 ஆண்டும் சம இடைவெளியாகிவிடும்.

இதற்கு ஸ்கேட்டர் சார்ட், அதிலும் புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கும் வகை. ஸ்கேட்டர் எப்போதும் முதல் நெடுவரிசையைக் கிடைமட்ட அச்சின் எண்ணாக எடுத்துக்கொள்ளும். 2027ஐ 2011இலிருந்து 16 அலகு தள்ளியே வைக்கும். தேர்ந்தெடுக்கும் ரேஞ்சில் எந்த மாற்றமும் இல்லை, அதே ஏ1இல் தொடங்கும் அட்டவணைதான். ஒரே நிபந்தனை, ஆண்டுகள் உண்மையான எண்களாக இருக்க வேண்டும். மேற்கோள் குறி போட்டு எழுத்தாக்கியிருந்தால் ஸ்கேட்டரும் 1, 2, 3 என்றே எண்ணத் தொடங்கிவிடும். முன்பு காலி மூலையைப் பரிந்துரைத்ததற்கு இது முக்கியமான காரணம். ஆண்டுகளோ தேதிகளோ சம இடைவெளியில் இல்லாத எந்த அட்டவணைக்கும் இது பொருந்தும்.

வேறு அளவில் ஒரு நெடுவரிசை

கேரளத்தின் பத்தாண்டு வளர்ச்சி விகிதத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 1951–61இல் 24.8 சதவீதம், 2001–11இல் 4.9 சதவீதம். இந்த அட்டவணையிலேயே பெரிய செய்தி இதுதான். ஆனால் அந்த நெடுவரிசையை லட்சக் கணக்கோடு சேர்த்து ஒரே ரேஞ்சாகத் தேர்ந்தெடுத்தால், 700 வரை போகும் அச்சில் 24.8 எல்லாம் தரையோடு தரையாகக் கிடக்கும். சரிவே தெரியாது. விகிதங்களை லேபிளோடு மட்டும் கண்ட்ரோல் வழியாகத் தேர்ந்தெடுத்துத் தனிச் சார்ட் போடுங்கள். இரண்டு சார்ட் வகைகளைச் சேர்க்கும் காம்போ சார்ட்டில் வலது பக்கம் இரண்டாவது அச்சு வைக்கும் வசதி உண்டு. இரண்டு அச்சுகளைப் படிக்கப் பழகாதவர்களுக்கு அது குழப்பம்தான் தரும், அதனால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அட்டவணை வளரும்போது

நடுவில் ஒரு வரிசையை இன்செர்ட் செய்தால் ரேஞ்ச் தானாக விரியும். கடைசி வரிசைக்குக் கீழே புதிதாகத் தட்டினால் விரியாது. சார்ட்டுக்குத் தெரிந்தது எட்டாம் வரிசை வரைதான். மாதாமாதம் எண் சேர்க்கும் அட்டவணைகளில் இது பெரிய தொல்லை.

எக்செலில் இதற்கு நல்ல வழி, ரேஞ்சை டேபிளாக மாற்றுவது. அட்டவணைக்குள் நின்று கண்ட்ரோல்+டி அழுத்துங்கள் (இங்கே டி என்பது டேபிளின் முதல் எழுத்து, நெடுவரிசை டி இல்லை). தலைப்பு இருக்கிறது என்ற டிக்கைச் சரிபார்த்து ஓகே கொடுங்கள். இனிக் கடைசி வரிசைக்குக் கீழே தட்டும் எதுவும் டேபிளில் சேரும், சார்ட்டும் கூடவே வளரும்.

இதில் வேலைகளின் வரிசை முக்கியம். டேபிளில் தலைப்புச் செல் காலியாக இருக்க முடியாது. காலி மூலையில் எக்செல் தானாக ஒரு பெயரை நிரப்பிவிடும். அதனால் டேபிளாக்கிய பிறகு சார்ட் போட்டால் பழைய நான்காவது கோடு திரும்ப வந்துவிடும். முதலில் காலி மூலையோடு சார்ட், அப்புறம் கண்ட்ரோல்+டி, அப்புறம் மூலையில் "ஆண்டு" என்று பெயர். இந்த வரிசையில் செய்தால் சிக்கல் இல்லை.

ஷீட்ஸில் ரேஞ்சைக் கீழே காலியாக உள்ள வரிசைகளையும் சேர்த்து, உதாரணமாக ஏ1:டி100 என்று கொடுத்துவைக்கலாம். புதிய எண் வந்ததும் சார்ட்டில் சேர்ந்துகொள்ளும்.

சார்ட்டை நகலெடுத்தால்

சார்ட்டை மட்டும் நகலெடுத்து வேறு ஷீட்டில் ஒட்டினால் அது பழைய ஷீட்டின் எண்களையே தொடர்ந்து காட்டும். புதிய ஷீட்டில் எண்களை மாற்றினாலும் கோடு அசையாது. அதே அமைப்பில் இன்னொரு சார்ட் வேண்டுமென்றால், கீழே ஷீட் பெயரில் வலது கிளிக் செய்து "மூவ் ஆர் காப்பி" வழியாக முழு ஷீட்டையும் நகலெடுங்கள். அதில் உள்ள சார்ட் புதிய ஷீட்டின் எண்களோடு தானாக இணைந்துகொள்ளும். வேறு கோப்பில் சார்ட்டை ஒட்டும்போது பழைய கோப்போடு இணைப்பு தொடர்கிறதா என்பதைச் சீரீஸ் சூத்திரத்தில் பாருங்கள். பழைய கோப்பின் பெயர் சதுர அடைப்புக்குறிக்குள் தெரிந்தால், சார்ட் இன்னும் அங்கிருந்துதான் எண்களை எடுக்கிறது.